நள்ளிரவுத் தபால்

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே நோக்குகிறவனுக்குக் கொல்லிமலை ஊருக்கு எழுப்பிய மதில் போலத் தோன்றும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அறப்பளீசுவரர் கோயில் கொண்ட மலை. மிளகும் வாழையும் பலாவும் மண்டி வளரும் மலை. இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு பஸ் மேலே போய்விடுகிறது. அந்தச் சாலை ஏற்படுமுன் உப்பும் துணியும் மருந்தும் தலைச்சுமையாகத்தான் அந்த மலையேறின. நடக்க இயலாதவர்கள் டோலியில் ஏறினார்கள். கடிதமும் மனிதனுடைய கால்களைக் கொண்டே ஏறியது. கீழே சமவெளியிலும் நிலைமை பெரிதும் வேறில்லை. நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013-இல்தான். ஆகவே சேலம் ஜில்லாவின் இந்தத் தென் மூலையிலிருந்து வெளியூருக்குப் போக வேண்டிய கடிதம், முதலில் சாலை வழியே சென்று, பிறகு எங்கோ ஒரு ரயிலடியில் காத்திருந்து, அதன் பின்னரே இரும்புப் பாதையின் வேகத்தைப் பெற வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஆகாய விமானத் தபாலின் சரித்திரத்தை எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். விரைவின் அருமையை, விரைவு கடைசியாக வந்து சேர்ந்த ஊர்களே நன்கு அறியும் என்பது என் எண்ணம். அந்த விரைவுக்காக யார் யார் உயிரைக் கொடுத்தார்கள் என்று கேட்டறிந்துகொள்ளும் கடமையும் அவ்வூர்களுக்கு உண்டு.

கடிதம் மெதுவாக வந்த காலத்தின் வேதனையைச் சொல்வதற்கு இந்த மலையிலேயே ஒரு விருத்தாந்தம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சேந்தமங்கலத்தில் பணி செய்துவந்த கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேயர், தம் மனைவி ஈவ்லினுடன் கொல்லிமலைக்குச் சென்று வாழவந்தியில் குடியேறி, மலைஜனங்களுக்கு மருத்துவமும் கல்வியும் அளித்துவந்தார். 1914-இல் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குஷ்டரோகிகளின் கைகளையும் கால்களையும் சத்திர சிகிச்சையால் மீட்டுக் கொடுத்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டுதான் அக்குழந்தை. ஒன்பது வயதில் அவரையும் அவர் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவந்தார்கள். அன்று முதல் தந்தைக்கும் மகனுக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் கடிதம். மலையில் எழுதிய கடிதம் மனிதன் தலையில் இறங்கி, சாலையில் சென்று, ரயிலேறி, கப்பலேறி, கடல்களைக் கடந்து, வாரங்கள் கழித்துச் சிறுவனின் கையை அடைந்தது.

1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மலேரியாவை ஒட்டி வரும் கருநீர்ச் சுரத்தால் ஜெஸ்ஸி பிராண்டு கொல்லிமலையில் காலமானார். மரணச் செய்தியைத் தந்தி கொண்டுபோயிற்று. தந்தி விரைவானது, கப்பல் மெதுவானது. ஆகையால் தந்தை இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், அவர் உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, வழக்கம் போலவே மகனுக்கு வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றித் தந்தையின் கையெழுத்தில் வந்த அந்தப் பக்கங்களைப் பதினான்கு வயதுச் சிறுவன் எப்படிப் படித்திருப்பான் என்று நினைக்கும்போதே நெஞ்சம் கனக்கிறது. தபாலின் தாமதம் வியாபாரிக்குத்தான் நஷ்டம் என்று எண்ணுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாமதத்தை வெல்லும் முயற்சியில் பாரத தேசம் பின்தங்கியிருக்கவில்லை. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி, அலகாபாத்தில் நடந்த கண்காட்சியின்போது, ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் சுமார் 6,500 கடிதங்களை ஒரு சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு யமுனையைத் தாண்டி, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நைனியில் இறங்கினார். உலகத்திலேயே சர்க்கார் அங்கீகாரத்துடன் நடந்த முதல் விமானத் தபால் அதுவே. பிறகு 1932 அக்டோபர் 15-ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தன்னந்தனியாகத் தபாலுடன் புறப்பட்டு அகமதாபாத் வழியாகப் பம்பாயை அடைந்தார். அங்கிருந்து அத்தபாலை அவருடைய சகாவான நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டின் ஆகாயத்தில் ஒழுங்கான தபால் போக்குவரத்து பிறந்த கதை இது. எனினும், அந்நாட்களில் விமானத் தபால் என்பது கூடுதல் கட்டணம் செலுத்தக் கூடியவர்களின் வசதியாகவே இருந்தது. சேந்தமங்கலத்துச் சாமானியன் எழுதிய கடிதத்துக்கு ஆகாயத்தில் இடமில்லை.

அந்த இடத்தைத் தந்தது யுத்தம் விட்டுச்சென்ற ஒரு பொருள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது, படைகளையும் தளவாடங்களையும் சுமந்த டக்கோட்டா விமானங்கள் நூற்றுக்கணக்கில் உபயோகமற்று நின்றன. அவற்றை மலிவாக வாங்கிப் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை போன்ற இடங்களில் சீர்படுத்திச் சிவில் போக்குவரத்துக்கு உரியவையாக மாற்றினார்கள். தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து நிற்கும் அந்த இரட்டை எஞ்சின் விமானத்தை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் பதினான்கு சிலிண்டர்கள். 1,200 குதிரைச் சக்தி. இடப்புறம் பின்பக்கத்தில் அகன்ற சரக்குக் கதவு. மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகம். சரக்கையும் மனிதனையும் தபாலையும் ஒரே வயிற்றில் சுமக்கும் மாட்டுவண்டியின் குணம் அதற்கு இருந்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு மந்திரியாக இருந்த ரஃபி அகமது கித்வாய் இந்த வண்டியைக் கொண்டு ஒரு பெரிய காரியத்தைச் சாதிக்க நினைத்தார். பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவே இருப்பது நாகபுரி. ஒவ்வோர் இரவும் நான்கு நகரங்களிலிருந்தும் தபால் விமானங்கள் புறப்பட்டு நாகபுரியில் சந்தித்து, மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டால், இன்று மாலை சென்னையில் போட்ட கடிதம் நாளைக் காலையில் டெல்லியில் இருக்கும். இத்திட்டம் 1949 ஜனவரி 30-ஆம் தேதி, மகாத்மா மறைந்து ஓராண்டு நிறைந்த நாளில், தொடங்கிற்று. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் உள்நாட்டுக் கடிதங்களைத் தனிக் கட்டணம் வாங்காமலே, விமானம் செல்லும் வழிகளில் விமானத்திலேயே அனுப்பும் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. பணக்காரனுடைய உறைக்கும் ஏழையின் உறைக்கும் இருந்த வேற்றுமையை ஒரே உத்தரவு துடைத்துவிட்டது. ஜனநாயகம் என்ற சொல்லுக்கு, வாக்குச்சீட்டு கைக்கு வருமுன்பே, தபால்பெட்டியில் ஓர் அர்த்தம் கிடைத்தது என்று நான் கருதுகிறேன்.

நாகபுரியின் சோனேகாவ் விமான நிலையத்தில் நடந்த அந்த நள்ளிரவுச் சந்திப்பை மனக்கண்ணால் பார்ப்பது கடினமன்று. ஊர் உறங்கிக்கொண்டிருக்கிறது. வெவ்வேறு திசைகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சின் ஓசை நெருங்குகிறது. விமானங்கள் வந்து நின்றதும் சரக்குக் கதவுகள் திறக்கின்றன. வாய் கட்டி முத்திரையிட்ட கித்தான் மூட்டைகள் கைமாறி இறங்குகின்றன. இது சென்னை, இது கல்கத்தா என்று தபால் ஊழியர்கள் விளக்கொளியில் சீட்டைப் பார்த்து எண்ணிப் பிரிக்கிறார்கள். ஒரு மூட்டை தவறினால் ஒரு ஜில்லா முழுவதும் மறுநாள் ஏமாறும். குறைந்த கட்டணத்துக்காகத் தபாலோடு தபாலாக வந்திருக்கும் பிரயாணிகள், தூக்கக் கண்களோடு இறங்கி ஏதேனும் அருந்திவிட்டு, விமானம் மாறி ஏறிக்கொள்கிறார்கள். பின்னிரவில் மறுபடியும் எஞ்சின்கள் உறுமுகின்றன. பெயர் தெரியாத லட்சக்கணக்கான ஜனங்களின் கல்யாணச் செய்தியும் கடன் பத்திரமும் வேலை உத்தரவும் கண்ணீரும் நான்கு திசைகளிலும் பறக்கின்றன.

டெல்லியில் உத்தியோகம் பார்த்த மகன் சேந்தமங்கலத்துத் தாய்க்கு எழுதிய கடிதமும் இவ்வழியே வந்தது. நாகபுரியில் விமானம் மாறி, சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கி, ரயில் தபால் வண்டியில் ஓடும்போதே ஊழியர்களால் பிரிக்கப்பட்டு, சேலத்தில் இறங்கிச் சாலை வழியே நாமக்கல் தாலுகாவுக்கு வந்து, கடைசியில் தபால்காரரின் தோல்பையில் ஏறிற்று. அக்காலத்து உறை ஒன்றைக் கையிலெடுத்துப் பின்புறம் திருப்பிப் பார்த்தால், மங்கிய வட்ட முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருப்பதைக் காணலாம். ஊர்ப் பெயரும் தேதியும் மட்டுமே அவற்றில் இருக்கும். அந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவிலிருந்த இருட்டில் யார் விழித்திருந்தார்கள், யார் எந்த அபாயத்தைக் கடந்தார்கள் என்பதை எந்த முத்திரையும் சொல்வதில்லை.

அந்த அபாயம் எத்தகையது என்பதைச் சற்றே விளக்குவது அவசியம். விமானத்துக்கு மிகவும் சோதனையான நேரம் அது தரையை விட்டு எழும் சில நிமிஷங்கள்தான். அப்போது எரிபொருள் நிறைந்திருக்கும். சுமை முழுவதும் இருக்கும். வேகமோ உயரமோ இன்னும் சேர்ந்திராது. இரண்டு எஞ்சின்களில் ஒன்று அந்த வேளையில் நின்றுபோனால், உயிருள்ள எஞ்சின் விமானத்தை உயிரற்ற எஞ்சினின் பக்கமாகத் திருப்பித் தள்ளும். நின்ற எஞ்சினின் விசிறியோ காற்றில் சுழன்று, முன்னேற்றத்துக்குத் தடையாகிவிடும். விமானி உடனே சுக்கானை மிதித்து விமானத்தை நேர்ப்படுத்த வேண்டும். சக்கரங்களை உள்ளிழுக்க வேண்டும். விசிறியின் இறகுகளைக் காற்றுக்கு இணையாகத் திருப்பித் தடையைக் குறைக்க வேண்டும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போகாமல் காக்கவும் வேண்டும். இவ்வளவும் சில விநாடிகளில், நிலவில்லாத இரவில், கீழே இருப்பது வயலா மரமா வீடா என்று தெரியாத நிலையில் நடக்க வேண்டும். போதிய உயரம் இருந்தால் சுற்றிவந்து இறங்கலாம். உயரம் இல்லாதபோது திரும்ப முயல்வது மரணத்தின் பக்கம் திரும்புவதாக முடிந்த உதாரணங்கள் விமானச் சரித்திரத்தில் பல உண்டு.

1953-ஆம் ஆண்டு இந்திய ஆகாயத்துக்குத் துக்கமான ஆண்டாகவும் மாறுதலின் ஆண்டாகவும் அமைந்தது. மே மாதம் 2-ஆம் தேதி, உலகின் முதல் ஜெட் பிரயாணி விமானமான காமெட் ஒன்று கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து எழுந்த ஆறு நிமிஷத்தில் புயற்காற்றில் சிதறி விழுந்து 43 பேர் மாண்டார்கள். ஆகஸ்டு 1-ஆம் தேதி, தனித்தனியாக இயங்கிவந்த எட்டு விமானக் கம்பெனிகள் சர்க்கார் வசமாகி இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே ஸ்தாபனமாயின. நள்ளிரவுத் தபாலும் அதன் பொறுப்புக்கு வந்தது.

அதற்குப் பிறகு நான்கு மாதங்களும் சில நாட்களுமே கழிந்திருந்தன. டிசம்பர் 12-ஆம் தேதி பின்னிரவில், வழக்கம் போல மூட்டைகளை மாற்றிக்கொண்டு, வி.டி.-சி.எச்.எஃப். என்ற அடையாளம் கொண்ட டக்கோட்டா விமானம் நாகபுரியிலிருந்து சென்னையை நோக்கிப் புறப்பட்டது. அதில் பத்துப் பிரயாணிகளும் நான்கு விமானச் சிப்பந்திகளும் இருந்தார்கள். தரையை விட்டெழுந்த சிறிது நேரத்திலேயே எஞ்சின் பழுதுற்றது. விமானி உடனே கீழே இறக்கப் பார்த்தார். முயற்சி பலிக்கவில்லை, நிலையத்துக்கு அருகிலேயே விமானம் விழுந்து நொறுங்கிற்று. பதினான்கு பேரில் பதின்மூவர் மாண்டனர். உயிர் பிழைத்தவர் விமானி ஒருவரே.

இறந்தவர்களில் ஒருவர் ஹரிஹர் நாத் சாஸ்திரி. கான்பூர் தொழிலாளர்களிடையே வாழ்நாளைக் கழித்தவர். இந்திய தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். முதல் பொதுத்தேர்தலில் மக்கள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தேசத்துத் தொழிலாளர்களுக்காகப் பேசிய அவர், தேசத்தின் தபாலைச் சுமந்து சென்ற தொழிலாளர்களோடு தம் கடைசிப் பிரயாணத்தைச் செய்தார் என்பது என் மனத்தை விட்டு அகலாத செய்தி.

அன்று காலை மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கவில்லை. பம்பாயும் கல்கத்தாவும் டெல்லியும் தென்னாட்டுக்கு அனுப்பிய கடிதங்கள், தெற்கே வந்துகொண்டிருந்த அந்த விமானத்தோடு விழுந்தன. விமான விபத்தில் கிடைக்கும் தபாலைக் கைவிடாமல், கருகிய உறைகளையும் நனைந்த உறைகளையும் பொறுக்கியெடுத்து, விலாசம் படிக்க முடிந்த மட்டும் உரியவருக்குச் சேர்ப்பது உலகெங்கும் தபால் இலாகாக்களின் தர்மம். தாமதத்துக்கும் சேதத்துக்கும் காரணம் விபத்து என்று ஒரு குறிப்பையும் உறையின் மேல் இடுவார்கள். அப்படிப்பட்ட உறைகளைத் தபால்தலை சேகரிப்போர் அரிய பொருளாகப் போற்றுகிறார்கள். ஆனால் எழுத்தே இல்லாமல் எரிந்துபோன கடிதத்துக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை. எழுதியவன் பதிலை எதிர்பார்த்திருப்பான். எழுதப்பெற்றவனோ தனக்கு ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது என்பதையே அறிந்திருக்க மாட்டான்.

இவ்விடத்தில் தமிழ்நாட்டு மலையொன்றில் நிகழ்ந்த வேறொரு விபத்தை நினைக்காமலிருக்க முடியவில்லை. நாகபுரிச் சம்பவத்துக்குச் சரியாக ஒரு நாள் குறைய மூன்றாண்டுகளுக்கு முன், 1950 டிசம்பர் 13-ஆம் தேதி, கோயமுத்தூர் நோக்கி வந்த ஏர் இந்தியா டக்கோட்டா ஒன்று நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே மலையில் மோதி, அதிலிருந்த அனைவரும் இறந்தார்கள். அவர்களுள் புள்ளியியல் மேதையான ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் இருந்தார்கள். இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்திருந்தார் வால்டு. யுத்த காலத்தில் அமெரிக்கப் படையினர், குண்டடிபட்டுத் திரும்பிய விமானங்களில் எங்கெங்கே துளைகள் அதிகமோ அங்கங்கே கவசத்தைத் தடிப்பாக்க நினைத்தபோது, அந்தக் கணக்கு பிழையானது என்று காட்டியவர் வால்டு. திரும்பிவந்த விமானங்களை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. எஞ்சினில் அடிபட்டவை திரும்பவே இல்லை. ஆகவே துளை காணாத இடத்துக்கே கவசம் வேண்டும் என்பது அவருடைய தர்க்கத்தின் சாரம்.

அந்தத் தர்க்கத்தைத் தபாலின் சரித்திரத்துக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பெட்டிகளில் இருப்பவை வந்து சேர்ந்த கடிதங்கள். நம் புத்தகங்களில் இருப்பவை வெற்றியடைந்த பறத்தல்கள். 1911-ஆம் ஆண்டுப் பறத்தலுக்குப் பொன்விழாக் கொண்டாடி 1961-இல் தபால்தலைகள் வெளியிட்டோம். 1932-ஆம் ஆண்டுப் பறத்தலை டாட்டா அவர்களே 1962-லும் 1982-லும் மறுபடி பறந்து காட்டியபோது மகிழ்ந்தோம். இரண்டும் நியாயமான மகிழ்ச்சிகளே. எனினும், கைக்கு வந்த கடிதங்களை மட்டும் எண்ணுகிற சரித்திரம் பாதிச் சரித்திரம். வராமற்போன கடிதங்களையும், அவற்றோடு வராமற்போன மனிதர்களையும் சேர்த்து எண்ணும்போதுதான் இரண்டணாத் தபால்தலையின் உண்மையான விலை நமக்கு விளங்கும்.

நாகபுரி விபத்தால் நள்ளிரவுத் தபால் நின்றுவிடவில்லை. அதற்குப் பின்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், எழுபதுகளில் நிறுத்தப்படும் வரையில், விமானங்கள் இரவில் சந்தித்து விடியலில் பிரிந்தன. தோழர்கள் கடைசியாகப் புறப்பட்ட ஓடுபாதையிலிருந்தே மற்ற விமானிகள் எழுந்து சென்றார்கள். அதே இடத்தில் நின்று தபால் ஊழியர்கள் மூட்டைகளை எண்ணினார்கள். வீரம் என்ற சொல்லைப் போர்க்களத்துக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொண்டிருக்கிறோம். தினந்தோறும் ஒரே நேரத்தில், ஒரே அபாயத்தை எதிர்கொண்டு, யாரோ ஒரு தாய் தன் மகனுடைய க்ஷேமத்தை ஒரு நாள் முன்னதாக அறிய வேண்டும் என்பதற்காகச் செய்த காரியமும் வீரமேயாகும்.

கொல்லிமலை இன்றும் சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து ஒரு தந்தை எழுதிய கடிதங்கள், அவர் மறைந்த பிறகு மகனிடம் போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. மாலையில் போட்ட கடிதம் காலையில் பல ஜில்லாக்களைத் தாண்டிச் சென்ற காலம் அதன் பின் வந்தது. இரண்டு காலங்களுக்கும் நடுவே நாகபுரியின் ஒரு டிசம்பர் இரவும் பதின்மூன்று உயிர்களும் இருக்கின்றன. இந்நாட்டுத் தபாலின் சரித்திரத்தை முழுமையாக எழுத முற்படுகிறவர் யாராயினும், அலகாபாத்தின் பிப்ரவரிக்கும் கராச்சியின் அக்டோபருக்கும் பக்கத்தில் அந்த டிசம்பரையும் எழுத வேண்டும். ஊர்தோறும் கடிதம் வாங்கிப் படித்த ஜனங்களின் சார்பில் இதை நான் கேட்டுக்கொள்கிறேன்.